முழங்கை விரியக் கூடாது

ஜன்னலோரம் எனக்குக் குடுக்கறயா அம்மணி? காத்துக்காக இல்ல. இடது கை அந்தப் பக்கம் இருந்தா யாரும் இடிக்க மாட்டாங்க. இந்தப் பக்கம்னா போறவங்க வாறவங்க எல்லாரும் இடிச்சுட்டேதான் போவாங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா ஒரு முன்ஜாக்கிரதை.

நீயும் திருச்சிக்கா? நல்லதாப் போச்சு. நானும் கடேசி வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். இவன் ஏன் இன்னும் வண்டிய எடுக்காம நிக்கறான்? கண்டக்டரு டீ குடிக்கறான் பாரு, ஆத்தி ஆத்திக் குடிக்கறான். எனக்கு ஒரு எடத்துல உக்காந்தே பழக்கமில்ல. பனியன் கம்பெனில செக்கிங் செக்சன்ல சூப்பர்வைசரு நான். நாள் முச்சூடும் நின்னுட்டேதான் இருப்பேன். உக்காந்தா என்னமோ மாதிரி இருக்குது.

போட்டிக்குப் போறேன் அம்மணி. சிரிக்காத. பளு தூக்கற போட்டி. மல்லாக்கப் படுத்துட்டு, இரும்புத் தண்ட நெஞ்சு வரைக்கும் எறக்கி, மறுபடியும் மேல தள்ளோணும். பெஞ்ச் பிரஸ்ம்பாங்க. என்ற வயசுக்காரிகளுக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்குது. தமயந்தின்னு பேரு குடுத்து, போட்டோ எல்லாம் ஒட்டி அனுப்பியாச்சு. இன்னைக்கு மத்தியானம் அங்க போய் நிக்கோணும், எடை பாப்பாங்க. நேரத்துக்குப் போய்ச் சேந்துருவமா? காங்கயம், வெள்ளகோயில், கரூர்... கரூர்ல எச்சா நேரம் நிப்பாட்டுவானோ? உனக்குத் தெரியாதா. சரி உடு.

ஆரு இந்தக் கிறுக்கப் புடிக்க வெச்சதுன்னு கேளு. என்ற மருமவதான். மோகனப்பிரியா. டாக்டரு என்ற எலும்பெல்லாம் தேயுதுன்னு சொல்லி, தெனமும் நடங்கன்னு சொன்னாரு. இவ ஊட்டுக்கு வந்ததும், நடந்தாப் பத்தாதுங் அத்தை, வெயிட் தூக்கோணும், என்னோட ஜிம்முக்கு வாங்கன்னு கூப்புட்டா. கல்யாணத்துக்கு முன்னாலருந்தே தூக்கறவ அவ. கல்யாணத்துல வளையல் போடறப்பவே பாத்தேன், கையில அப்பிடி ஒரு முறுக்கு. எங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. என்ற பையன் நவநீதன் காதுல போட்டுக்கல. நானும் போட்டுக்கல, அதையும் சொல்லோணும்.

மொதல்ல நான் போறதாவே இல்ல. டீ சர்ட்டுப் போட்டுட்டு எப்பிடி அம்மணி வெளிய போறது? அவளே போய் முழுக்கை வெச்சதா, தொளதொளன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தா. வண்டில பின்னால உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனா. ஒண்ணு சொல்றேன் கேளு. எனக்குக் கல்யாணம் ஆனதுலருந்து, வாங்க, உங்களுக்காகப் போலாம்னு ஒருத்தரும் என்னைய ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. கோயிலுக்குப் போனாக்கூட வேற ஆருக்காச்சும் வேண்டுதலா இருக்கும். அன்னைக்கு வண்டில போறப்ப இத நான் நெனச்சேன். அவகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லிக்கிட்டு.

அங்க டைட்டஸ் மாஸ்டர்னு ஒருத்தரு. வெடியால பொம்பளைங்களுக்குன்னே தனி நேரம். வெறுந்தண்டக் குடுத்துத் தள்ளுங்கக்கான்னாரு. தள்ளினேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. நான் ஊட்டுல தூக்காத பாரமா? தண்ணிக் கொடம், அரிசி மூட்டை, சிலிண்டரு, மாமனார் படுத்துக் கெடந்தப்ப அவரையே தூக்கியிருக்கறேன். ஒருத்தரும் கை தட்டினதில்ல. அன்னைக்குப் புடிச்சது இது.

உன்ற கையக் குடு. இங்க பாரு, மேக்கையில பொறத்தால இருக்குதே, தொங்கற சதை, இதுதான் ட்ரைசெப்ஸ். நாங்க பின்னங்கைம்போம். தண்ட நெஞ்சுலருந்து கெளப்பறதுக்கு நெஞ்சு பத்தும், ஆனா கடேசில முழுசா நீட்டி நிறுத்தறது இதுதான். எனக்கு அங்கதான் நிக்கும். பாதி வரைக்கும் ஜம்முனு போகும், அப்புறம் நடுங்கிட்டு நிக்கும். மாஸ்டர் சொன்னாரு, பின்னங்கைக்குத் தனியாப் பயிற்சி பண்ணுங்கக்கான்னு. அதுலதான் நான் எறங்கினேன்.

அதுக்கு ஒரு மொறை இருக்குது. புதுசா வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் நாந்தான் சொல்லிக் குடுப்பேன். எடுத்ததும் பாரம் எடுக்கக் கூடாது, மொதல்ல லேசாப் பண்ணிக் கை முட்டிய சூடாக்கோணும். முழங்கை ரெண்டும் உள்ளாற பாத்தாப்பல இருக்கோணும், கோழி றெக்கை மாதிரி விரியக் கூடாது. மணிக்கட்டு மடங்கக் கூடாது. மெதுவா எறக்கோணும். மேல போனதும் வெடுக்குனு நீட்டிப் பூட்டக் கூடாது. சதை வலிச்சா பண்ணலாம், முட்டி வலிச்சா அந்த நிமிசமே கீழ வெச்சுப்போடோணும். ஷகிலான்னு ஒருத்தி, முட்டிய விரிச்சு விரிச்சுப் பண்ணுவா. அவள நான் திட்டாத நாளில்ல. முட்டி போச்சுன்னா ஆயுசுக்கும் போச்சு, விளையாட்டா உனக்குன்னு கேப்பேன்.

நானா? நான் அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டி வந்தவ அம்மணி. அதெல்லாம் ஆரம்பத்துல இருக்கறவங்களுக்கு.

மாசி மாசத்துல இந்த இடது கை முட்டி என்னமோ குத்த ஆரம்பிச்சுது. முட்டிக்குப் பின்னால, எலும்பு முனை இருக்குதே, அதுக்குச் சித்த மேல. வயசாச்சு, குத்தத்தான் செய்யும். தைலம் போட்டேன், தவிட்டச் சூடு பண்ணி ஒத்தடம் குடுத்தேன். முழுக்கைச் சட்டைக்கு உள்ளாற ஒரு கட்டுத் துணியச் சுத்திட்டு ஜிம்முக்குப் போனேன். ஒருத்தருக்கும் தெரியாது.

மருமவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்பிடின்னா, கொண்டை. எனக்குக் கை மடங்கித் தலைக்குப் பின்னால போகல, கொண்டை போட முடியல. வெயில் காலம், அதான் சும்மா தொங்க உட்டிருக்கறேன்னேன். மறுநா வெடியால நான் காப்பி குடிச்சுட்டு இருக்கறப்ப, சீப்ப எடுத்துட்டு வந்து பின்னால நின்னு, அவளே சீவிக் கொண்டை போட்டு உட்டா. அப்புறம் தெனமும் அப்பிடித்தான். துணி பிழியறதையும் அவளே எடுத்துக்கிட்டா. நான் வாயத் தொறந்து கேட்டனா? எனக்கென்ன, சின்னப் புள்ளையா? ஆனா பேசாம உக்காந்து காட்டினேன். அவ கை தலைல படறப்ப... சரி, அது கெடக்குது.

காங்கயம் தாண்டிட்டமா? பரவால்ல, இப்பத்தான் ஓட்டறான்.

அப்புறம் ஆரம்பிச்சா பாரு. அத்தை, பாரத்தக் கொறைங்க. அத்தை, நேத்துத்தான பின்னங்கை பண்ணினீங்க, இன்னைக்கு வேண்டாம். அத்தை, முட்டி விரியுது. என்னையப் பாத்து முட்டி விரியுதுங்கறா, ஷகிலாவ வெச்சுக்கிட்டே. முட்டிக்குப் போடற உறை ஒண்ணு வாங்கிக் குடுத்தா, சூடா இருக்கும், போட்டுக்குங்கன்னு. அதப் போட்டுட்டு நான் இன்னும் கொஞ்சம் பாரம் ஏத்தினேன். அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. எனக்கு அப்பவே தெரியும் அம்மணி. அவளும் திருச்சிக்குப் பேரு குடுத்திருந்தா, இளவட்டங்க பிரிவுல. ஒரே ஊட்லருந்து ரெண்டு பேரு, மாமியாளும் மருமவளும்னு பேப்பர்ல போடுவாங்கன்னு ஜிம்முல எல்லாம் பேச்சு. அதுல என்னைய எல்லாரும் எச்சாப் பேசறாங்கன்னு அவளுக்கு ஒரு இது. வேற என்ன இருக்கும்?

கடேசில மாஸ்டர்கிட்டயே போய்ச் சொல்லிப்போட்டா. அவரு என்ற முட்டிய அமுக்கிப் பாத்தாரு. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு மாசத்துக்குப் பின்னங்கைப் பக்கமே போகாதீங்கக்கா, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னாரு. சரின்னேன். ஊட்டுல வந்து பண்ணினேன். எங்கிட்ட சொந்தமா ஒரு டம்பெல் இருக்குது. ஒருநா தேடினா அதக் காணோம். எங்க வெச்சிருந்தாங்கற? வாசிங் மிசினுக்குள்ளாற. மேல துணிய வேற போட்டு மூடி. என்ற ஊட்டுல, என்ற டம்பெல்ல ஒளிச்சு வெக்கறா. எனக்குப் பொங்கி வந்துருச்சு. எண்ணெய்க் கேன எடுத்து, தலைக்குப் பின்னால எறக்கி ஏத்தி, அதுல பண்ணினேன். நவநீதன் வந்து நின்னு பாத்துப்போட்டு உள்ள போய்ட்டான். அவன் எப்பவுமே அப்பிடித்தான், பொம்பளைங்க சண்டைல தலை குடுக்க மாட்டான்.

சண்டைன்னு சொன்னனா? சண்டையெல்லாம் இல்ல. பேச்சுக் கொறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். கொண்டை மட்டும் தெனமும் போட்டு உட்டுட்டுத்தான் இருந்தா.

தண்ணி இருக்குதா அம்மணி? வேண்டாம், மூடிய நீயே தொறந்து குடு. இந்தக் காலத்து மூடியெல்லாம் என்னத்துக்கு இவ்வளவு இறுக்கமாப் பண்றானுங்களோ.

வைகாசில ஒருநா. ஜிம்முல மாஸ்டர் அந்தக் கோடியில வேற ஆளப் பாத்துட்டு இருந்தாரு. இவ பெஞ்சுல படுத்துப் பின்னங்கை பண்ணப் போறா. மல்லாக்கப் படுத்து, வளைஞ்ச தண்ட நெத்திக்கு நேரா எறக்கி எறக்கி ஏத்தோணும். தலைமாட்டுல ஒரு ஆளு நிக்கோணும், தண்ட எடுத்துக் குடுக்க, முடிஞ்சதும் வாங்கி வெக்க. எப்பவும் நாந்தான் நிப்பேன். அன்னைக்கு இவ என்ன பண்ணினா? ஷகிலாவக் கூப்புட்டா. நான் பக்கத்துலயே நிக்கறேன், என்னையத் தாண்டி, ஷகிலாக்கா சித்த வாங்கன்னு கூப்புடறா. நீயே சொல்லு, எனக்கு எப்பிடி இருக்கும்? எல்லாரும் பாக்கறாங்க. நான் ஷகிலாவ அக்கட்டப் போன்னு சொல்லிப்போட்டு, நான் இருக்கறேன்னு போய் நின்னேன்.

இவ படுத்துக்கிட்டே என்னைய அண்ணாந்து பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "சரிங் அத்தை"ன்னா.

அவ நல்லாத்தான் பண்ணினா. முட்டி ரெண்டும் உள்ளாற, அசையாம, அழகா. கடேசில கை ஓஞ்சுபோச்சு. அத்தைன்னா. நான் குனிஞ்சு தண்டப் புடிச்சேன். அவ உட்டுட்டா.

அதுதான் தப்பு. அவசரப்பட்டு உட்டுட்டா. என்ற இந்த முட்டில சுருக்குனு கரண்ட் அடிச்ச மாதிரி ஆச்சு, கை அப்பிடியே தொவண்டுபோச்சு, ஒரு கைல நிக்குமா அவ்வளவு பாரம்? அவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவால இருக்கற எலும்புல உழுந்துது. அந்தச் சத்தம்...

ஏன் அவ உடோணும்? எங்க ஜிம்முல ஒரு மொறை இருக்குது. தலைமாட்டுல நிக்கறவங்க, புடிச்சுட்டேன்னு வாய் தொறந்து சொல்லோணும். அதுக்கப்புறந்தான் படுத்திருக்கறவங்க கைய எடுக்கோணும்.

சொன்னனான்னா... சொன்னேன். சொன்னேன் அம்மணி. "புடிச்சுட்டேன்"னு சொன்னேன். அது வாய்ப் பழக்கம். தண்டத் தொட்டதும் வாய் தானா சொல்லிப்போடும்.

அழுவாச்சியெல்லாம் இல்ல அவ. மாஸ்டர் ஓடி வந்தாரு, ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரு எப்பிடி ஆச்சுன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவளே சொல்லிப்போட்டா, "என் கை வழுக்கிருச்சுங்க"ன்னு. நவநீதன் வந்தான், அவங்கிட்டயும் அதையே சொன்னா. கரூர்லருந்து அவங்க அம்மா அழுதுட்டு வந்தாங்க, அவங்ககிட்டயும் அதேதான். என்னைய வெச்சுக்கிட்டேதான் சொன்னா. பாத்துக்க, அவளே சொல்றா, அவ கைதான் வழுக்கிருச்சு. நான் சொல்லச் சொன்னனா? ஒரு வார்த்தை சொல்லல. அவளா சொன்னது. அப்புறம் எம்மேல என்ன இருக்குது?

ஆனா அந்த மாஸ்டரு எங்கிட்டச் சரியாப் பேசறதில்ல. திருச்சிக்கு நான் வரலீங்கக்கா, நீங்களும் போகாதீங்கன்னாரு. ஷகிலா என்னையக் கண்டா வேற பக்கம் போறா. வழுக்கினது அவ கைன்னு அவளே சொன்னதுக்கப்புறமும். ஜனங்க அப்பிடித்தான்.

கைய நெஞ்சோட சேத்துக் கட்டிப்போட்டாங்க. ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறேன்னேன். அவங்க அம்மா, இல்லீங்க சம்பந்தி, குளிக்க வெக்கோணும், தலை சீவி உடோணும், நீங்க வேலைக்குப் போகோணும்னு கரூருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து நடக்கற தூரந்தான் அவங்க ஊடு. நவநீதன் வாராவாரம் போய்ட்டு வாரான். நான் போகல. எங்க போறது? கம்பெனில சோலி, வெடியால பயிற்சி. இவ்வளவு தூரம் வந்துபோட்டு உட முடியுமா? வைகாசி போய், ஆனி போய், இப்ப ஆடி பொறந்துருச்சு. போன்ல பேசுவேன். சாப்புட்டயா, சாப்புட்டேன். வலி எப்பிடி இருக்குது, பரவால்லீங். உங்க முட்டிங்? எனக்கென்ன, நல்லா இருக்கறேன். அதோட சரி. நான் போன வெச்சுப்போட்டு இங்கயும் அங்கயும் நடப்பேன்.

முடிய வெட்டிட்டேன், பாத்தயா? கழுத்தோட. எல்லாரும் நல்லா இருக்குதுங்கறாங்க. சவுகரியமா இருக்குது.

தென்னிலை தாண்டியாச்சா? இனி கரூர்தான். சித்த எந்திரிச்சு நிக்கறேன், கால் மரத்துப்போச்சு. வேண்டாம், உக்காந்துக்கறேன்.

இன்னைக்கு வெடியால நான் கெளம்பறப்ப போன் பண்ணினா. அவளே. போட்டிக்குப் போறீங்களான்னா. ஆமான்னேன். நான் என்ன நெனச்சேன்னா, போகாதீங்கன்னு சொல்லுவா, நல்லா நாலு கேக்கலாம்னு. அவ சொல்லல. லேசாப் பண்ணி முட்டிய நல்லா சூடாக்கிக்குங் அத்தைன்னா. மெதுவா எறக்குங்கன்னா. ஒரு கைய அசைக்க முடியாம ஊட்டுல உக்காந்திருக்கறவ, எனக்குப் பாடம் எடுக்கறா. போன வெக்கறதுக்கு முன்னால இன்னொண்ணு சொன்னா.

"வலிச்சா எந்திரிச்சு வந்துருங் அத்தை. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்ல மாட்டேன்"னா.

அதென்ன பேச்சு? நான் சொல்ல மாட்டேன்னா என்ன அர்த்தம்? பஸ் ஏறினதுலருந்து அதையேதான் நெனச்சுட்டு வாரேன். என்ன சொல்ல மாட்டா? ஆருகிட்டச் சொல்ல மாட்டா? நீ படிச்ச புள்ளை, உனக்கு ஏதாச்சும் புரியுதா?

நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா கேட்டேன்.

கரூரு வந்துருச்சு. என்னங்கறான் கண்டக்டரு, எவ்வளவு நேரம் நிக்குமாம்? டீ குடிக்கற நேரந்தானா. சரி. நான் எறங்கறேன் அம்மணி. திருச்சி டிக்கெட்தான், தெரியுது. வண்டி போனாப் போகட்டும், வேற வண்டி இல்லாமயா போய்ருது. எடை பாக்கற நேரமா? அதுவும் போனாப் போகுது. மல்லாக்கப் படுத்து ஆருக்கு என்னத்தத் தூக்கிக் காட்டப் போறேன்.

அவகிட்ட ஒண்ணு சொல்லோணும். நேர்ல சொல்லோணும், போன்ல வராது அது. சண்டைக்கெல்லாம் போகல. சொல்லிக் குடுக்கப் போறேன். இத்தன வருசமா தூக்கறா, மொறையெல்லாம் தெரியும், முட்டிய எப்பிடி வெக்கோணும் மணிக்கட்ட எப்பிடி வெக்கோணும் எல்லாம் தெரியும், இது ஒண்ணு தெரியல அவளுக்கு. ஒருத்தரு புடிச்சுட்டேன்னு சொல்லிப்போட்டா உடனே நம்பிக் கைய எடுக்கக் கூடாது. அத்தைன்னாலும் எடுக்கக் கூடாது. அந்தக் கை உண்மையாலுமே புடிச்சிருக்குதான்னு பாக்கோணும். இத அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. வேற ஆரு சொல்லுவா?

மேல அந்த நீலப் பை என்றது. எட்டிச் சித்த எறக்கிக் குடு கண்ணு. பாத்து, கனமா இருக்கும். இரு, இந்தக் கைல வேண்டாம், வலது கைல குடு. உடாத. இன்னும் உடாத.

நான் புடிச்சுட்டேன்னு சொன்னாலும் உடாத.

ம். இப்ப உடு.